முதல் பிஸ்டல்: .22 போதுமா, நேராக 9 மி.மீ.க்குப் போகலாமா?

தொடக்கக்கை:

எல்லோருக்கும் வணக்கம். ரேஞ்சில் வாடகைப் பிஸ்டல்களில் சுட்டுப் பழகி, இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறேன், உரிமத்துக்கான வேலையும் நடக்கிறது. தற்காப்புக்காக இல்லை. தாள் இலக்கில் சுட வேண்டும், கை ஓரளவு தேறியதும் போட்டிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். எந்தப் போட்டி என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நின்ற இடத்தில் நின்று நிதானமாகச் சுடுவதும் பிடிக்கிறது, நகர்ந்துகொண்டே வேகமாகச் சுடும் ஐபிஎஸ்சி வகையும் ஆசையைக் கிளப்புகிறது. ஒருவர் சின்னத் தோட்டா போடும் .22 வாங்கு என்கிறார், இன்னொருவர் அது வீண் செலவு, பெரிய தோட்டாவான 9 மி.மீ.யிலேயே தொடங்கு என்கிறார். ஒன்றுதான் வாங்க முடியும் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பத்தாம்வளையம்:

.22தான் தம்பி, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. புதிதாகச் சுடுபவரைக் கெடுப்பது குறி தெரியாததல்ல, வெடிக்கப்போகிறது என்று கை முன்கூட்டியே பதறுவதுதான். ட்ரிகர் விடுபடும் நொடிக்குச் சற்று முன் மணிக்கட்டு கீழே அமுங்கும், கண் மூடும், வலக்கைக்காரருக்குத் தோட்டா இடப்பக்கம் கீழே போய் விழும். அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் அதைக் கழற்றுவது புதிதாகக் கற்பதைவிடப் பெரிய வேலை. .22 லாங் ரைஃபிள் (.22 பிஸ்டலில் போடும் தோட்டா) குண்டின் எடை பெரும்பாலும் 40 கிரெயின் (குண்டை எடைபோடும் அலகு), 9 மி.மீ. குண்டு 115 அல்லது 124 கிரெயின், வேகமும் பொதுவாக அதிகம். கையில் இறங்கும் உந்தம் மூன்று மடங்குக்கும் மேல். உதைப்பு குறைவாக இருந்தால்தான் குறிபார்க்கும் முன் சைட்டைப் பார்த்தபடியே ட்ரிகரை நேராகப் பின்னுக்கு இழுக்கக் கற்றுக்கொள்வீர்கள். தோட்டா விலை குறைவு என்பதால் அதே செலவில் பல மடங்கு சுடலாம்.

அப்புறம், .22 ஏதோ பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 25 மீட்டர் ரேபிட் ஃபயர், பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் இரண்டுமே 5.6 மி.மீ., அதாவது இதே .22தான். ரேபிட் ஃபயரில் ஐந்து இலக்குக்கு ஐந்து தோட்டா, முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் 4. அந்த 4 நொடியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வேகக்கை:

பத்தாம்வளையம் அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்கிறேன். கை பதறுவதைத் தவிர்க்க .22 உதவும், சரி. ஆனால் உதைப்பைக் கையாள்வதே தனித் திறமை, அதை .22 கற்றுக்கொடுக்காது. தளர்வாகப் பிடித்தாலும் .22 மன்னித்துவிடும், தாளில் ஓட்டைகள் நெருக்கமாகவே விழும், நமக்கும் பிடி சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிடும். அதே பிடியோடு 9 மி.மீ.யை எடுத்தால் இரண்டாவது தோட்டாவுக்குள் கைகள் இடம் மாறியிருக்கும்.

தம்பிக்கு ஐபிஎஸ்சி மேல் ஆசை என்றால் கணக்கைப் பார்க்க வேண்டும். அங்கே பவர் ஃபேக்டர் என்று ஒன்று உண்டு: குண்டின் எடை கிரெயினில், வேகம் நொடிக்கு எத்தனை அடி, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. குறைந்தபட்சம் 125 வேண்டும். 124 கிரெயின் குண்டு 1010 அடி வேகத்தில் போனால் 125ஐத் தாண்டிவிடும், கடையில் வாங்கும் சாதாரண 9 மி.மீ. தோட்டாவே போதும். .22க்கு அதே கணக்கு 40 சுற்றித்தான் வரும், அதை வைத்துக்கொண்டு கைத்துப்பாக்கிப் போட்டியில் இறங்கவே முடியாது. பிறகு மறுபடி ஒரு பிஸ்டல், மறுபடி உரிம வேலை.

உதைப்பு பயமென்றால் எடையுள்ள பிஸ்டலாகப் பாருங்கள். சிஇசட் ஷேடோ 2 முழுக்க எஃகு, காலியாகவே 1.3 கிலோ அளவுக்கு வரும். குளாக் 17 பாலிமர் சட்டம், மேகசின் இல்லாமல் 630 கிராம் அளவு. ஒரே தோட்டாவை இரண்டிலும் சுட்டுப் பாருங்கள், வேறு வேறு தோட்டா என்றே தோன்றும்.

பத்தாம்வளையம்:

அந்த 1.3 கிலோ இரண்டு கையால் பிடிக்கும்போது வரம்தான், மறுக்கவில்லை. ஐஎஸ்எஸ்எஃப், அதாவது ஒலிம்பிக் வகைப் போட்டியில் ஒரு கையை நீட்டி, மறு கையின் துணையே இல்லாமல் சுட வேண்டும் தம்பி. எந்த விளையாட்டு என்று தெரியாமலே ஐபிஎஸ்சிக்கான பிஸ்டலை வாங்கிவிட்டால் மறு கதவு மூடிக்கொள்ளும். .22க்கு வேகப் போட்டியே கிடையாது என்பதும் சரியல்ல. எஃகுத் தகடுகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்சில் ரிம்ஃபயர், அதாவது .22 வகைப் பிஸ்டலுக்கென்றே பிரிவுகள் இருக்கின்றன, அதில் உறையிலிருந்து உருவ வேண்டியதுகூட இல்லை, தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்தே தொடங்கலாம். புதியவருக்கு அது எவ்வளவு பாதுகாப்பு என்று யோசியுங்கள்.

வேகக்கை:

உறையிலிருந்து பாதுகாப்பாக உருவுவதை முதல் நாளிலிருந்தே பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி. தள்ளிப்போட்டால் அது தானாக வந்துவிடாது. .22 தோட்டாவின் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். அதில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் பரவியிருக்கும், அது சீராகப் பரவாத தோட்டா சில சமயம் வெடிக்காது. 9 மி.மீ. போன்ற சென்டர்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கத் தனி பிரைமர் நடுவில் இருப்பதால் அந்தப் பிரச்சினை மிகவும் குறைவு.

சிறுவிரல்:

நீங்கள் இரண்டு பேரும் தோட்டாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் கை சின்னது. நிறைய தோட்டா கொள்ளும் இரட்டை வரிசை மேகசின் உள்ள 9 மி.மீ. பிஸ்டல்களில் கைப்பிடி தடித்திருக்கும், என் ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்டுவதற்காக நான் மொத்தக் கையையும் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருக்கும். அப்படித் திருப்பினால் குழல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்காது, உதைப்பு கட்டைவிரலின் அடியில் இறங்கும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது சரியாகாது. முதல் இழுப்பு நீளமாக இருக்கும் டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல் என்றால் இன்னும் மோசம், ட்ரிகர் அவ்வளவு முன்னால் நிற்கும்.

தம்பி, நீங்கள் கடையிலோ கிளப்பிலோ செய்ய வேண்டியது இதுதான்: பிஸ்டல் காலி என்று நீங்களே கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் நீட்டிப் பிடியுங்கள். விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதைப்பகுதி ட்ரிகர் மேல் இயல்பாக உட்கார வேண்டும், விரலின் மீதிப் பகுதி சட்டத்தை உரசக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, கண்ணைத் திறந்தால் சைட்டுகள் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். இது இரண்டும் சரியாக அமையும் பிஸ்டல் எதுவோ, அதுதான் உங்கள் பட்டியலில் முதலில். இலக்குக்கென்றே செய்த .22களில் மரக் கைப்பிடி பல அளவுகளில் வரும், கீழே உள்ளங்கையைத் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். செருப்பை அளவு பார்த்து வாங்குவது போலத்தான். ஆனால் அந்தப் பலகை ஒரு கைக்கானது, இரண்டு கையால் பிடிக்கப் போனால் இடிக்கும்.

வேகக்கை:

இந்த விஷயத்தில் அக்காவோடு எனக்குச் சண்டையே இல்லை. பின்புறத் தகட்டை மாற்றிக் கைப்பிடியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் 9 மி.மீ. பிஸ்டல்களும் இருக்கின்றன, அவற்றையும் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

காற்றழுத்தம்:

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை, தோட்டா போடும் பிஸ்டலே முதலில் எதற்கு? 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. 75 நிமிடத்தில் 60 சுட வேண்டும். உதைப்பு இல்லை, காது கிழியும் சத்தம் இல்லை, உங்கள் தவறை மறைக்க எதுவுமே இல்லை. பெல்லட் குழலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் சுட்ட பிறகும் கையை அசைக்காமல் நிற்கும் பழக்கம் தன்னால் வரும். அந்தப் பழக்கம் .22க்கும் 9க்கும் அப்படியே கூட வரும். மனு பாக்கர் 2024 பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார், அதே ஒலிம்பிக்கில் 25 மீட்டரில் .22 எடுத்து நான்காவதாக வந்தார். அடிப்படை ஒன்று என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் அதே பாரிஸில் ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு கலப்பு அணியில் வெள்ளி எடுத்ததை உலகமே பார்த்தது. கருவிக்காக இவ்வளவு அலைய வேண்டாம்.

வேகக்கை:

டிகெச் கண்ணில் போட்டிருந்தது சாதாரணக் கண்ணாடிதான், ஆனால் கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த சரியான மேட்ச் ஏர் பிஸ்டல். அந்தப் படத்தைக் காட்டி எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று புதியவரிடம் சொல்லாதீர்கள், நல்ல ட்ரிகர் இல்லாத மலிவு ஏர் பிஸ்டலை வாங்கிவிட்டு ஒரு மாதத்தில் விளையாட்டையே விட்டுவிடுவார்.

பத்தாம்வளையம்:

இதில் வேகக்கை சொல்வதுதான் சரி. ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை ஏர் பிஸ்டலில் குறைந்தது 500 கிராம், 25 மீட்டரில் 1000 கிராம் என்று விதி. அதற்குப் பக்கத்தில் துல்லியமாக அமைத்து, நாள் முழுக்க மாறாமல் நிற்கும் ட்ரிகருக்குத்தான் காசு கொடுக்கிறோம். மின்னணு ட்ரிகரா இயந்திர ட்ரிகரா என்று கேட்டால், முதல் பிஸ்டலுக்கு இயந்திரமே போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறாகி மதிப்புமிக்க நிமிடங்கள் போயின. நீங்களே புரிந்து பராமரிக்கக்கூடியதை வைத்துத் தொடங்குங்கள். ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ஒளிக்கருவி) வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள்: ஐஎஸ்எஸ்எஃப்பில் திறந்த சைட் மட்டும்தான், ஐபிஎஸ்சியில் ஒளிக்கருவிக்குத் தனிப் பிரிவு உண்டு.

தொடக்கக்கை:

எல்லோருக்கும் நன்றி. வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். கிளப்பில் 25 மீட்டர் போட்டியையும் ஐபிஎஸ்சி போட்டியையும் போய்ப் பார்த்துவிட்டு, .22, 9 இரண்டையும் வாடகைக்கு எடுத்து, சிறுவிரல் அக்கா சொன்னபடி விரலை வைத்துப் பார்க்கிறேன். இப்போதைக்கு மனம் .22 பக்கம் சாய்கிறது. ஒரு கேள்வி: வீட்டில் தோட்டா இல்லாமல் ட்ரிகர் பயிற்சி செய்தால் .22 கெட்டுப்போகும் என்கிறார்களே?

பத்தாம்வளையம்:

சில மாடல்களில் உண்மை. ரிம்ஃபயரில் சுடும் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்க வேண்டும், தோட்டா இல்லாவிட்டால் அது தோட்டா உட்காரும் அறையின் ஓரத்து உலோகத்திலேயே போய் மோதலாம், காலப்போக்கில் அங்கே பள்ளம் விழும். மோதாதபடி தடுப்பு வைத்த மாடல்களும் உண்டு, கையேட்டில் எழுதியிருக்கும், வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். போலித் தோட்டா போட்டுக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் நிஜத் தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இருக்கக் கூடாது. அப்புறம் ரேஞ்சில் .22தானே என்று காதடைப்பைக் கழற்றிவிடாதீர்கள், அதுவும் காதைக் கெடுக்கும்.

வேகக்கை:

இன்றைய 9 மி.மீ. பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கவலை இல்லை தம்பி, தினமும் வீட்டில் காலியாகவே பழகலாம். வாடகைக்கு எடுக்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், மனம் இன்னும் சாய்ந்துதானே இருக்கிறது, முடிவாகவில்லையே.