அப்பாவின் ஜனதா ஒரு நாளில் கால் மணி நேரம் முந்துகிறது: மெயின் ஸ்பிரிங் போய்விட்டதா?

சிங்காநல்லூர்க்காரன்:

அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா இப்போது என் கையில் இருக்கிறது. தினமும் காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வேன். நாளுக்கு அரை நிமிடம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். போன வாரத்திலிருந்து திடீரென்று கால் மணி நேரம் முந்துகிறது. எங்கும் நிற்கவில்லை. கடையொன்றில் காட்டினேன். பின்மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துவிட்டீர்கள், மெயின் ஸ்பிரிங் போய்விட்டது, மிஷினையே மாற்றிவிடலாம்" என்றார்கள். மனம் ஒப்பாமல் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மகள் வாங்கித் தந்த சீக்கோ 5 ஆட்டோமேட்டிக், இரவில் கழற்றி வைத்தால் காலையில் நின்றுவிடுகிறது. சாவியைத் திருகினாலும் ஏறுவதாகத் தெரியவில்லை. இதுவும் பழுதா?

பாளையங்கோட்டை ரிப்பேர் மேசை:

ஐயா, திரும்ப வாங்கி வந்தீர்களே, அதுவே பெரிய காரியம். மிஷினை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடும் முடிவை 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எடுத்தது. இன்று "மாற்று மிஷின்" என்று உங்களுக்குப் போடுவது பெரும்பாலும் உடைத்துப் போட்ட வேறொரு ஜனதாவின் வயிற்றிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். நாற்பது வருடம் உங்கள் அப்பா கையில் ஓடியதைக் கொடுத்துவிட்டு, யார் கையில் என்ன பாடு பட்டது என்று தெரியாத ஒன்றை ஏன் வாங்க வேண்டும்?

மெயின் ஸ்பிரிங் என்பது நீங்கள் கொடுக்கும் சாவியின் விசையைத் தேக்கி வைக்கும் சுருள். அது உடைந்தால் கடிகாரம் நிற்கும். சாவி பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தாது. அதிகச் சாவியால் கெட்டது என்று கொண்டுவரப்படும் கடிகாரங்களைத் திறந்தால் நான் காண்பது பெரும்பாலும் காய்ந்து பிசினான எண்ணெயைத்தான். முழுச் சாவி ஏறியிருந்தும் சக்கரங்கள் நகர முடியாமல் நிற்கும். பழி மட்டும் சாவி கொடுத்தவர் மேல் விழும். கையிலிருந்து கழற்றிக்கொண்டு, சாவி இறுகி நிற்கும்வரை நிதானமாகத் திருகுங்கள். இறுகியபின் வம்புக்குத் திருகாதீர்கள். அவ்வளவு போதும்.

உங்கள் கடிகாரத்தின் நோய் எனக்குக் காந்தம் என்றே படுகிறது. ஜனதாவில் முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 அடி அடிக்கிறது, அதாவது நொடிக்கு ஐந்து. அந்த வேகத்தை ஆளுவது தலைமுடி போல மெல்லிய ஹேர் ஸ்பிரிங். அதன் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் விரிந்து சுருங்க வேண்டும். காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பகுதி வேலை செய்யாது; ஸ்பிரிங் நீளம் குறைந்ததற்குச் சமம்; கடிகாரம் ஓட்டம் பிடிக்கும். கால் மணி நேரம் என்பது ஒரு நாளில் நூற்றுக்கு ஒரு பங்கு. ஸ்பிரிங்கின் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஒட்டிக்கொண்டாலே அவ்வளவு முந்திவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வராமல் ஒரே வாரத்தில் வந்ததும் அதனால்தான்.

பிள்ளைகளின் சாதாரண முள் திசைகாட்டி ஒன்றை மேசையில் வையுங்கள். அதன் அருகே கடிகாரத்தை மெதுவாகச் சுற்றிக் காட்டுங்கள். உள்ளே எஃகு இருப்பதால் முள் லேசாக இழுபடுவது இயல்புதான். ஒரு பக்கம் இழுத்து, மறு பக்கம் தள்ளினால் சந்தேகமே வேண்டாம், காந்தம் ஏறியிருக்கிறது. போன வாரம் வீட்டுக்குள் புதிதாக என்ன வந்தது என்றும் யோசியுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்:

இவ்வளவு எதற்கு? பின்மூடியைத் திறந்து ரெகுலேட்டர் முள்ளைக் கழித்தல் பக்கம் நகர்த்தினால் நேரம் சரியாகிவிடுமே?

பாளையங்கோட்டை ரிப்பேர் மேசை:

தயவுசெய்து வேண்டாம். ரெகுலேட்டர் நாளுக்குச் சில நிமிடங்களைச் சீர்செய்ய வைத்தது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கடிகாரத்தில் அதைக் கோடிவரை தள்ளிவிட்டால், காந்தம் இறங்கிய மறுநாள் அதே கடிகாரம் பிந்தத் தொடங்கும். முதலில் காரணம், பிறகுதான் முள். திசைகாட்டி முள்ளை எந்தப் பக்கமும் தள்ளாவிட்டால் மட்டும் மூடியைத் திறக்கலாம். அப்போது இரண்டைத் தேட வேண்டும்: ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் படிந்திருக்கிறதா, கீழே விழுந்த அதிர்ச்சியில் ஒரு சுருள் இன்னொன்றில் சிக்கியிருக்கிறதா.

தூத்துக்குடி கடலோரம்:

சீக்கோ பற்றி நான் சொல்கிறேன், அதே ரகத்தைத்தான் நானும் கட்டுகிறேன். பின்மூடியில் 7எஸ்26 என்று தொடங்கும் எண் இருந்தால் அது பழுதில்லை. அந்த மிஷினுக்குச் சாவியால் ஏற்றும் வசதியே கிடையாது. கை அசைவில் உள்ளே சுற்றும் ரோட்டார் என்ற எடை ஆடினால்தான் ஏறும். மேஜிக் லிவர் என்ற சிறு நெம்புகோல், ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த ஆட்டத்தை ஸ்பிரிங்குக்குக் கொண்டு சேர்க்கும். 1959-லேயே சீக்கோ கண்டுபிடித்த ஏற்பாடு அது. முழுக்க ஏறினால் ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஓடும். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் கையில் அவ்வளவு ஏறாது. காலையில் கட்டும் முன் அரை நிமிடம் பக்கவாட்டில் வீசி ஆட்டுங்கள், பிறகு ஒரு நடை போய் வாருங்கள். 4ஆர்36 என்று இருந்தால் மட்டும் சாவி ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது பழுது.

இரவு 9 மணிக்கும் காலை 4 மணிக்கும் இடையில் தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைப் பல் கவ்விக்கொண்டிருக்கும். வலிந்து திருகினால் பல் உடையும். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள். கட்டாத நேரத்தில் கடிகாரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி வாங்கத் தேவையே இல்லை.

சிங்காநல்லூர்க்காரன்:

சீக்கோவில் 7எஸ்26 என்றுதான் இருக்கிறது, நன்றி. ஜனதாவுக்கு அருகே திசைகாட்டி முள் ஒரு பக்கம் இழுத்தது, மறு பக்கம் தள்ளியது. காரணமும் அகப்பட்டது: பேரனின் டேப்லெட் உறையில் காந்தம் இருக்கிறது, இரவில் அதன் மேல்தான் கடிகாரத்தை வைத்திருக்கிறேன். இதை இறக்க எங்கே போவது? சர்வீஸும் சேர்த்துச் செய்யவா?

பாளையங்கோட்டை ரிப்பேர் மேசை:

காந்தம் இறக்கும் சிறு கருவி பல ரிப்பேர்காரர்களிடம் இருக்கும், ஒரு நிமிட வேலை. நீங்களே வாங்கினாலும் விலை அதிகமில்லை. கடிகாரத்தைக் கருவியின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாகக் கை நீளத்துக்கு உயர்த்தி, அதன் பிறகு பொத்தானை விடுங்கள். கருவியின் மேலேயே விட்டுவிட்டால் புதுக் காந்தம் ஏறும்.

சர்வீஸ் ஆகி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் செய்துவிடுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: "பேலட் அச்சுக்கு எண்ணெய் இடுவீர்களா?" இடமாட்டேன் என்பவரிடம் நம்பிக் கொடுங்கள். பேலட் என்பது சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் சிறு நெம்புகோல்; அதன் அச்சு உலர்ந்தே ஓட வேண்டிய இடம், எண்ணெய் அங்கே இழுவையைத்தான் கூட்டும். மெயின் ஸ்பிரிங்குக்குக் கெட்டி எண்ணெய், பேலன்ஸுக்கு மெல்லிய எண்ணெய் என்று பிரித்துச் சொல்பவரானால் இன்னும் நல்லது. டயலைத் தொடக்கூடாது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். புது வர்ணம் அடித்த ஜனதாக்கள் சந்தையில் நிறைய. அப்பா பார்த்து வாங்கிய டயல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.