'இது எந்தச் சாமி?': நவீன சிற்பத்துக்கு முன்னால் நின்ற அனுபவங்கள்

கானாடுகாத்தான் பேத்தி:
அப்பத்தாவை சிகாகோவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். டேலி பிளாசாவில் பிக்காசோ சிற்பம், 50 அடி உயரம், பேரே வைக்காத உருவம். ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "ஏன்டி, இது குதிரையா பொம்பளையா?"ன்னாக. 1967-ல் திறந்தப்போ அந்த ஊர்க்காரங்களும் இதே மாதிரிதான் முழிச்சாங்க. நகர்மன்ற உறுப்பினர் ஒருத்தர், இதைத் தூக்கிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வைங்கன்னே சொன்னார். இப்போ சாய்வான அடிப்பாகத்துல பிள்ளைக சறுக்கி விளையாடுதுக.

அப்பத்தாவுக்கு உருவத்தைவிட துருதான் உறுத்துச்சு. இந்த எஃகுல படியிற துருவே உள்ளே அரிக்காம காக்கும்னு விளக்கினேன். "வளவு கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோமே, இந்த இரும்பு காரைக்குடியில கிடைக்குமா?"

ஆத்தங்குடி பட்டறைக்காரன்:
இங்கே ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக்கினவுக வாசல்ல மூணு இரும்புச் சதுரத்தை ஒண்ணுமேல ஒண்ணு சாய்ச்சு வச்சாக. ஒரே வாரத்துல யாரோ குங்குமம் வச்சு, செவ்வரளி மாலையும் போட்டாச்சு. முதலாளிக்குக் கோபம், கம்பிவேலி போட்டுட்டாக. எனக்கு மாலை தப்பாப் படலை, வேலிதான்.

நானும் தரையில பதிக்கிற பூக்கல்லுல தினம் கட்டமும் எட்டுமுனை நட்சத்திரமும்தான் வார்க்கிறேன். கண்ணாடி மேல அச்சை வச்சு, குழிகுழியா சாய சிமென்ட்டை ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு, மேலே காய்ஞ்ச கலவை, அப்புறம் சாந்து. தண்ணியில ஊறி இறுகினதும் கண்ணாடியைப் பிரிச்சா அதோட பளபளப்பு கல்லுக்கு வந்துடும். இத்தனை வருஷத்துல இந்த நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தர் கேட்டதில்லை. சதுர அடி என்ன விலைன்னுதான் கேப்பாக. தரையில கிடந்தா பூக்கல்லு, பீடத்துல ஏறினா பேர் சொல்லணும்!

தேவகோட்டை, இப்போ சென்னை:
அண்ணே, எல்லாத்தையும் சனங்க தலையில கட்டாதீக. நியூயார்க்ல 1981-ல் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 120 அடி நீளம், 12 அடி உயரத்துல எஃகுச் சுவரை அலுவலக வளாகத்துக்கு நடுவுல நிறுத்தினார். அங்கே வேலை பார்த்தவங்க பலருக்கு, தினம் அதைச் சுத்திக்கிட்டு நடக்கணுமேன்னு எரிச்சல். வழக்குவரை போய் 1989-ல் எடுத்துட்டாங்க. புரியலைங்கிறது வேற, வழியை மறிக்குதுங்கிறது வேற.

எங்க அடுக்ககத்து வாசல்லயும் பில்டர் மூணு ஸ்டீல் வளையம் நட்டிருக்கார். ஆட்டோ திரும்பாது. மழைக்காலத்துல வாட்ச்மேன் குடை அதுலதான் தொங்கும்.