ஒதுங்க வேண்டியது அவ இல்ல

காவ்யா: சித்தி, ஒண்ணு கேக்கணும். எங்க டிபார்ட்மெண்ட்ல பிஎச்டி பண்ற ஒரு அக்காவுக்கு அவங்க கைடு ராத்திரி 11 மணிக்கு மேல மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்காரு. "டிபி ஏன் மாத்துன, பழசுதான் அழகு"ன்னு ஆரம்பிச்சு, இப்ப வெளியூர் கான்ஃபரன்ஸுக்கு தனியா வான்னு நிக்கிறாரு. மாட்டேன்னு சொன்னதுல இருந்து சாப்டரைத் திருத்தவே இல்ல.

மதுரை பெரியப்பா: பேசாம கைடை மாத்திக்கிட்டு ஒதுங்கச் சொல்லும்மா. கையெழுத்து அவர்ட்டல்ல இருக்கு. பகைச்சா இத்தன வருஷப் படிப்பும் போயிரும்.

திருச்சி சித்தி: ஒதுங்க வேண்டியது அவ இல்ல அத்தான். எங்க காலேஜ்ல பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற விசாகா கமிட்டில நான் இருக்கேன், அதனால சொல்றேன். வேலை செய்யற இடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லையைத் தடுக்கற 2013 சட்டம் இருக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவோட, அதான் யூஜிசியோட, 2015 விதி இருக்கு. விசாரணை முடியறதுக்கு முன்னாடியே, அவ வேலையை இவர் மதிப்பிடக் கூடாதுன்னு தடுக்க அதுல இடம் இருக்கு. தள்ளி நில்லுன்னு அவரை எச்சரிக்கலாம், வேற பிரிவுக்கும் மாத்தலாம்.

பெரியம்மா: கமிட்டில இருக்கறதும் அவரு கூட டீ குடிக்கறவங்கதானடி?

திருச்சி சித்தி: அதுக்குத்தான்க்கா வெளியில இருந்து ஒருத்தர் இருக்கணும்னு வச்சிருக்காங்க. தலைமை, யுனிவர்சிட்டின்னா ஒரு பெண் பேராசிரியர். பாதிப் பேராவது பெண்கள். மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா, மாணவர்களே தேர்ந்தெடுத்த 3 பேரும் உக்காரணும். துணைவேந்தர், ரெஜிஸ்ட்ரார், துறைத் தலைவர் யாரும் உறுப்பினரா இருக்கக் கூடாது. போர்டுல பேரை மட்டும் எழுதி வச்சிட்டு அந்த 3 பேரைப் போடாம விட்டிருந்தா விடக் கூடாது, கேட்டு வாங்கணும்.

காவ்யா: போன வருஷத்துல இருந்தே நடக்குதாம். 3 மாசம் தாண்டிருச்சு, இனி புகார் செல்லாதுன்னு யாரோ பயமுறுத்திட்டாங்க.

திருச்சி சித்தி: தொடர்ந்து நடந்தா கடைசியா நடந்ததுல இருந்துதான் 3 மாசக் கணக்கு. தக்க காரணம் இருந்தா கமிட்டி இன்னும் 3 மாசம் குடுக்கலாம். ஒரு மெசேஜையும் அழிக்க வேண்டாம்னு சொல்லு. தேதி, நேரம், நம்பர் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்கட்டும். சாப்டர் அனுப்புன மெயிலையும் பத்திரமா வைக்கட்டும். மாட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் திருத்தறது நின்னுச்சுன்னு அந்தத் தேதியே பேசும்.

மதுரை பெரியப்பா: நிரூபிக்க முடியலேன்னா அவ மேலயே திருப்பிவிட மாட்டாங்களா?

திருச்சி சித்தி: நிரூபிக்க முடியலங்கறதுக்காக அவளத் தண்டிக்க முடியாது அத்தான். சட்டத்துலயே இருக்கு. வேணும்னே பொய் சொன்னான்னு தனியா விசாரிச்சு உறுதியானாதான் நடவடிக்கை.

பிரவீன்: பசங்களுக்கு இப்படி நடந்தா சித்தி?

திருச்சி சித்தி: யூஜிசி விதில பசங்களும் திருநங்கைகளும் உண்டுடா.

மதுரை பெரியப்பா: சரி, அந்தப் பிள்ள யாரு? எந்த ஊரு?

திருச்சி சித்தி: வேண்டாம் அத்தான். காவ்யா, பேரு, டிபார்ட்மெண்ட் எதையும் இங்க போடாத. புகார் குடுத்தவங்க பேரு வெளிய வரக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. என் நம்பரைக் குடு, 9 மணிக்கு மேல கூப்பிடட்டும். எழுத்துல குடுக்கணும், வாசகத்தை நான் கூட இருந்து பாத்துக்கறேன்.

காவ்யா: குடுத்துட்டேன் சித்தி. நடந்ததை வரிசையா எழுத உக்காந்துட்டாங்க.

மதுரை பெரியப்பா: எனக்கு இன்னமும் பயமாத்தான் இருக்கு. ஆனா குடுக்கறதுன்னு ஆயிட்டா தனியா அனுப்பாதீங்க. துணைக்கு ஆள் வேணும்னா நான் பஸ் ஏறிருவேன்.