வண்டி முகப்பில் அப்பிய பூச்சி: தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள்

போன வாரம், வெளிநாட்டில் வந்திறங்கி மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணா, நாலு மணி நேரம் ஹைவேல ஓட்டிட்டு வந்தேன். வண்டி மூஞ்சி முழுக்கப் பூச்சி அப்பிக் கிடக்கு. தண்ணி ஊத்துனா போகல. பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரால ஒரு தேய் தேய்ச்சிடவா?"

"கையில இருக்கறத முதல்ல கீழ போடுங்க தம்பி" என்றேன்.

அதே பச்சை ஸ்க்ரப்பரை நானும் ஒரு காலத்தில் எடுத்தவன்தான். வந்த முதல் கோடை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கறுப்பு கார். பத்தே நிமிடத்தில் பூச்சியெல்லாம் போய்விட்டது, எனக்கு ஒரே பெருமை. அன்று இரவு பெட்ரோல் போட நிறுத்தியபோது மேலிருந்து விளக்கு அடித்தது. பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல்! பூச்சி இருந்த இடம் எது என்று கீறலை வைத்தே சொல்லிவிடலாம். புதிதாக வருபவர்களில் பலருக்கு முதல் சொந்தக் கார் இங்கே வந்த பிறகுதான் அமைகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கார் பெயின்ட் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் தொடுவது நிறத்தை அல்ல. நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40, 50 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் வரும். முடியை விட மெல்லிய ஒரு படலத்தின் மேல்தான் ஸ்க்ரப்பரை வைக்கப் பார்க்கிறோம். அந்தப் பச்சைப் பட்டையில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான துகள்கள் ஒட்டியிருக்கும். வெள்ளையாக, மெத்தென்று இருக்கும் 'மேஜிக்' ஸ்பாஞ்சும் அப்படித்தான். தொட்டால் மெத்தை, தேய்த்தால் அரம்.

அடுத்து, பூச்சி ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? அதன் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது, தண்ணீரில் கரையாது. உள்ளே இருப்பது புரதம் நிறைந்த திரவம். வேகத்தில் மோதிச் சிதறியதும் அது பசை மாதிரிப் பரவி, வெயிலில் காய்ந்து இறுகிவிடுகிறது. வெயிலில் கிளியர் கோட்டும் சற்று இளகும். மேலே ஒட்டியது காய்ந்து சுருங்கும்போது அந்தப் படலத்தையும் அரித்து இழுக்கும். நல்ல கோடையில் இதற்கு ஓரிரு நாள் போதும். அப்புறம் பூச்சியை எடுத்தாலும் அதன் நிழல் போல ஒரு தடம் நின்றுவிடும். ஆகவே அதே நாள் மாலை, முடியாவிட்டால் மறுநாள் காலை. 'வார இறுதியில் மொத்தமாகக் கழுவிக்கொள்ளலாம்' என்பது மற்ற அழுக்குக்குச் சரி, இதற்குச் சரிவராது.

செய்முறை என்று பார்த்தால், அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறப்போடுவது மாதிரிதான். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பானட் மேல் கையை வைத்துப் பாருங்கள், சூடு இருந்தால் காத்திருங்கள். சூட்டில் தண்ணீரும் ஷாம்பும் ஊறுவதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். ஆறியதும் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியையும் மண்ணையும் இறக்கிவிடுங்கள். பிறகு பழைய பருத்தித் துண்டு ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கார் ஷாம்பு சில சொட்டு விட்டு, பிழியாமல் அப்படியே பம்பர் மேலும் பானட் முனையிலும் போர்த்திவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் போகட்டும். நடுவில் துண்டு காய்கிற மாதிரி தெரிந்தால் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்.

துண்டை எடுக்கும்போது அதை இழுக்காமல் மேலே தூக்குங்கள். பாதி பூச்சி துண்டோடேயே வந்துவிடும். மீதி வெளுத்து, ஊறி, ஓரம் கிளம்பி நிற்கும். அதை நனைந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் வழித்து எடுங்கள், வட்டமாகச் சுற்றித் தேய்க்க வேண்டாம். ஒரு வழிப்புக்கு ஒரு பக்கம், அடுத்ததற்குத் துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஏனென்றால் உடைந்த இறக்கையும் ஓடும் துணியில் ஏறிவிட்டால் அதுவே கீறும். வாளி இரண்டு வேண்டும், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். வரவில்லையா? இன்னொரு பத்து நிமிடம் துண்டைப் போர்த்துங்கள். நகத்தால் சுரண்டும் ஆசை வரும். அந்த நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

உதிரிபாகக் கடைகளில் பூச்சி நீக்கி என்றே தனியாக ஸ்பிரே விற்கிறார்கள். நல்லதுதான், நேரம் மிச்சம். ஆனால் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் அடித்துப் பாருங்கள். புட்டியில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், பெயின்ட் மேலேயே காயவும் விடாதீர்கள். சில வகைகள் காரத்தன்மை கூடியவை. பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் வெளுக்க வைத்துவிடும்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு அவசரத்துக்குப் பரவாயில்லை, பெயின்ட் மேலிருக்கும் வாக்ஸ் என்ற பாதுகாப்பு மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும் என்பதுதான் குறை. வினிகர் வேண்டாம், அது அமிலம். துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளை நனைத்துத் தேய்த்தால் போகும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். போகத்தான் செய்யும், ஆனால் அந்தத் தாள் தொட்டாலே சொரசொரப்பு. கறுப்பு வண்டிக்காரன் நான், பக்கத்தில் சேர்க்க மாட்டேன். டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரே பூச்சியை இளக்கும், உண்மைதான். அடித்தால் உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு, மறுபடி வாக்ஸ் போட வேண்டும்.

முன்கண்ணாடிக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் காய்ந்த பூச்சி மேல் வெறும் வைப்பரை ஓட்டாதீர்கள், கண்ணாடி முழுக்க எண்ணெய் தடவினாற்போல் பரவிவிடும். இரவில் எதிர் வண்டி விளக்கு அடித்தால் ஒன்றும் தெரியாது. வைப்பர் ரப்பரையும் ஈரத்துணியால் துடையுங்கள். இன்றைய கார்களில் ஹெட்லைட் மூடி பெரும்பாலும் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவமோ தின்னரோ அதற்கு ஆகாது. புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் ரேடார் இருக்கும். பூச்சி அப்பினால் 'சென்சார் மறைந்துள்ளது' என்று வண்டி சொல்லும், முன்னால் போகும் வண்டிக்கேற்பத் தானாக வேகத்தைச் சரிசெய்யும் வசதி நின்றுவிடும். அதற்காக மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எங்கே கழுவுவது என்பதுதான் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். பல நாடுகளில் தெருவிலோ வீட்டு முன்போ காரை ஷாம்பு போட்டுக் கழுவக் கூடாது. மழைநீர் வடிகால் நேராக ஆற்றுக்குப் போவதால் இந்தக் கட்டுப்பாடு. உங்கள் நகராட்சியின் விதியையும் அடுக்குமாடி நிர்வாகத்தின் விதியையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாமே கழுவிக்கொள்ளும் கொட்டகைகள் இருக்கும், அங்கே போகலாம். ஆனால் அங்கே தொங்கும் பிரஷைத் தொடாதீர்கள், உங்களுக்கு முன் வந்தவர் வண்டிச் சேறெல்லாம் அதில்தான் இருக்கும். தண்ணீர்த் துப்பாக்கியை ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் கிட்டத்தில் அடித்தால் அந்த ஓரம் அப்படியே உரிந்து வரும். கிரில் வழியாக ரேடியேட்டரிலும் ஓங்கி அடிக்கக் கூடாது, மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். தானியங்கி வாஷ் காய்ந்த பூச்சியை முழுதாக எடுக்காது. போவதற்கு முன் ஊற வைத்துவிட்டுப் போனால்தான் பிரயோஜனம்.

கழுவித் துடைத்த பிறகும் தடம் தெரிந்தால், நகத்தால் சுரண்டாமல் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடாக நெருடினால் மிச்சம் ஒட்டியிருக்கிறது, கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியும் அதற்குரிய வழுக்குத் திரவமும் போதும். நெருடாமல் நிழல் மட்டும் தெரிந்தால் கையால் போடும் பாலிஷ் முயற்சி செய்யலாம். பள்ளமாகத் தெரிந்தால் டீடெய்லிங் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை) செய்பவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் பாலிஷ் என்பதே அந்த 50 மைக்ரானில் கொஞ்சம் சீவி எடுப்பதுதான். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் வண்டிக்கு பாலிஷ், வாக்ஸ் இரண்டுமே கூடாது. லீஸ் வண்டி வைத்திருப்பவர்கள், திருப்பிக் கொடுக்கும் நாளில் பானட்டைச் சாய்வாக நின்று கீறல் தேடிப் பார்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கோடை தொடங்கும் முன் முன்பக்கம் மட்டுமாவது வாக்ஸோ, சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சோ போட்டுவிட்டால் பூச்சி ஒட்டாமல் இருக்காது, ஆனால் சீக்கிரம் விட்டுவிடும். டிக்கியில் ஒரு தண்ணீர் ஸ்பிரே புட்டியும் இரண்டு துணியும் போட்டு வைத்தால், நீண்ட பயணத்தில் நிற்கும் இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

தம்பி அன்றிரவு படம் அனுப்பியிருந்தார். பானட் பளபளவென்று இருந்தது, கீறல் இல்லை. நம்பர் பிளேட்டில் மட்டும் ஒரு எண்ணை மறைத்துக்கொண்டு பெரிய வண்டு ஒன்று அப்படியே இருந்தது. பல நாடுகளில் எண் சரியாகத் தெரியாவிட்டால் அபராதம். "அதுக்கும் துண்டு போர்த்தணுமா அண்ணா?" என்று கேட்டார். "அது கிளியர் கோட் இல்ல தம்பி, ஈரத்துணியால துடைங்க போதும்" என்று பதில் போட்டேன்.