புதுப்பிப்பு: ஆங்கில இலக்கியக் காலகட்டங்கள் குழம்புகின்றன என்று கேட்டிருந்தேனே, வழி கிடைத்தது

எம்.ஏ. தேர்வுக்குப் படிக்கும்போது காலகட்டங்கள் எல்லாம் கலந்துவிடுகின்றன என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கைகொடுத்தது, "எழுத்தாளர்களை விடுங்கள், முதலில் நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள்" என்ற யோசனைதான். 1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் இங்கிலாந்துக்குப் படையெடுத்து வந்தார்கள், அரசவைக்குள் பிரெஞ்சு புகுந்தது. 1642இல் உள்நாட்டுப் போர் தொடங்க, லண்டன் நாடக அரங்குகளை நாடாளுமன்றம் மூடியது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகு மறுபடி திறந்தார்கள், நடிகைகளும் மேடையேறினார்கள். நடுவில் ஏன் பெரிய நாடகமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்புறம் 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட லிரிக்கல் பாலட்ஸ் கவிதைத் தொகுப்பு, 1837இல் விக்டோரியா ராணியின் ஆட்சி என்று மீதி தானாக ஒட்டிக்கொண்டது.

எதிர்பாராத சிக்கல் ஒன்று. ஷேக்ஸ்பியரை முழுக்க எலிசபெத் காலத்தவர் என்றே நினைத்திருந்தேன். ராணி 1603இல் இறந்துவிட்டார். கிங் லியர், மாக்பெத் இரண்டும் அவருக்குப் பின் வந்த மன்னர் ஜேம்ஸ் ஆட்சியில் எழுதியவை. மில்டன் இன்னும் மோசம்: பியூரிட்டன் காலத்தில், அதாவது 1660க்கு முன் கடும் சமயப் பற்றாளர்களின் கை ஓங்கியிருந்த காலத்தில், வைத்துப் படிக்கிறோம், அவருடைய காவியமான பாரடைஸ் லாஸ்ட் வெளியானதோ மன்னராட்சி திரும்பிய பிறகு, 1667இல். இந்த இருவரையும் இரண்டு கட்டத்திலும் எழுதி வைத்துவிட்டேன்.