கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தகரம்

குழு: கொக்குவில் (யாழ்ப்பாணம்) வீட்டுக்காரர்

சனிக்கிழமை

தம்பி (ஊர்), காலை 7.12: [படம்]

தம்பி (ஊர்): பின்வளவில் பழைய கோழிக்கூட்டைப் பிரித்தேன். அடியில் இது கிடந்தது. அலுமினியம். நீள்சதுரம், மடக்குகிற கைபிடி. கழுவிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஏதோ கீறியிருக்கிறது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

பெரியக்கா (கனடா): ஐயோ. அது இன்னும் இருக்கிறதா?

பெரியண்ணா (லண்டன்): இந்தியன் ஆமியின் சாப்பாட்டுத் தகரம். அம்மா கோழிக்குத் தண்ணீர் வைப்பாவே, அதுதான்.

தம்பி (ஊர்): நான் இவ்வளவு காலமும் கூட்டுறவுச் சங்கக்கடையில் வாங்கியது என்றல்லவா நினைத்தேன்!

பெரியண்ணா (லண்டன்): சங்கக்கடைக்காரன் இந்தியில் பெயர் கீறியா விற்றவன்? உனக்கு அப்போது எட்டு வயது. உனக்கு அம்மா எதைச் சொன்னாலும் சரிதான்.

பெரியக்கா (கனடா): அது ஒரு தமிழ்ப் பெடியன் தந்தது. மதுரைப் பக்கம் என்று சொன்னான். 87 ஓகஸ்டில், அவர்கள் வந்த புதிதில். படலையில் நின்று "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்று கேட்டான். ஆமிக்காரனின் வாயில் தமிழைக் கேட்டு அம்மா அழுதேவிட்டா. தண்ணீரோடு புட்டும் கொடுத்தா. அவன் இந்தத் தகரத்தில்தான் வாங்கிக்கொண்டு போனான். பிறகு வந்து "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று தந்துவிட்டுப் போனான்.

பெரியண்ணா (லண்டன்): அக்கா, அது வேறு கதை. இது நாங்கள் நல்லூரிலிருந்து திரும்பி வந்தபோது குசினிக்குள் கிடந்தது. அவர்கள் எங்கள் வீட்டில் குடியிருந்துவிட்டு விட்டுப்போன சாமான்.

பெரியக்கா (கனடா): இல்லை.

பெரியண்ணா (லண்டன்): சரி, இல்லை.

மருமகன் (திருச்சி): அத்தை, மாமா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நல்லூருக்கு ஏன் போனீர்கள்? சண்டை எந்த மாதம்?

(இந்த மருமகனிடம் "மாமி என்று சொல்லுங்கள்" என்று ஆறு வருடமாகச் சொல்கிறேன். அத்தைதான் வருகிறது. சரி. - பெரியக்கா)

பெரியண்ணா (லண்டன்): இந்தியன் ஆமியை அமைதிப்படையாக வரவைத்த ஒப்பந்தம் 1987 ஜூலை 29. ராஜீவும் எங்கள் ஜனாதிபதி ஜே.ஆரும் கொழும்பில் கையெழுத்துப் போட்டார்கள். ஓகஸ்டில் மாலை போட்டு வரவேற்றோம். செப்டெம்பர் 26 நல்லூரில் உண்ணாவிரதமிருந்த புலிகளின் திலீபன் இறந்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து. அதோடு ஊரின் முகம் மாறிவிட்டது. ஒக்டோபர் 10 ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. அன்றைக்கே யாழ்ப்பாணத்து ஈழமுரசு, முரசொலி இரண்டு பத்திரிகைகளின் அச்சகங்களையும் வெடிவைத்து உடைத்தார்கள். மறுநாள் பேப்பருக்குக் காத்திருந்த அப்பாவுக்கு வதந்திதான் கிடைத்தது.

பெரியக்கா (கனடா): ஜூன் 4 இதே இந்தியாவின் பிளேன் வந்து சாப்பாட்டுப் பொதி போட்டபோது மொட்டைமாடிகளில் ஏறி நின்று கைகாட்டியவர்கள் நாங்கள். அதே வானத்தில் நாலு மாதம் கழித்து ஹெலி வந்தால் கட்டிலுக்குக் கீழே ஓடினோம்.

பெரியக்கா (கனடா): சண்டைக்குப் பயந்து ஓடிப்போன நல்லூர்க் கோயிலில் எவ்வளவு சனம் என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில். மழைக்காலம் வேறு. அப்பா அம்மம்மாவைச் சயிக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். நானும் அம்மாவும் அரிசி, பருப்பு, ஒரு பானை. தம்பி கோழிக்குஞ்சு ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான், ஒருவருக்கும் சொல்லாமல். கோயில் வீதியில் அது கீச்சிட்டபோதுதான் தெரியும். அம்மாவுக்கு அடிக்கக்கூடத் தெம்பில்லை.

தம்பி (ஊர்): அந்தக் கோழி 90 வரைக்கும் இருந்தது. முட்டை போட்டது 😄

சித்தி (வெள்ளவத்தை): [குரல்பதிவு 3:08]

மருமகன் (திருச்சி): வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சின்னப் பாட்டி பேசுவதில் பாதிதான் எனக்குப் பிடிபடுகிறது, பிழை இருந்தால் திருத்துங்கள்.

மருமகன் (திருச்சி): "அந்த வருசத் தீபாவளி ஒக்டோபர் 21. அன்றைக்குத்தான் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் ஆமி புகுந்தது. நோயாளி, நேர்ஸ், வேலைக்காரர் என்று 60, 70 பேர். மறுநாள் காலை குழந்தைகளுக்கான டொக்டர் சிவபாதசுந்தரம் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், நாங்கள் டொக்டர்மார், நேர்ஸ்மார் என்று சொல்லிக்கொண்டு. அவரையும் சுட்டார்கள். உங்கள் எல்லாரையும் சின்னதில் பார்த்த கை அது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு உங்கள் அம்மா தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைத்ததில்லை. நீங்கள் கேட்டால் எண்ணெய் விலை என்பா."

பெரியண்ணா (லண்டன்): எண்ணெய் விலை. ஓம், அதைத்தான் சொல்லுவா.

மருமகன் (திருச்சி): நான் ஒன்று சொல்லலாமா? எங்கள் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். இலங்கைக்கு வந்தவர். வீட்டில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அந்தப் பக்கமும் 1,100 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை திருகோணமலையிலிருந்து சென்னைக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. பெரியப்பா அதை மட்டும் ஒருமுறை சொன்னார்: "அங்கேயும் வேண்டாத ஆள், இங்கேயும் வேண்டாத ஆள்."

பெரியண்ணா (லண்டன்): [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

பெரியக்கா (கனடா): என்ன எழுதி அழித்தாய்?

பெரியண்ணா (லண்டன்): ஒன்றுமில்லை. மருமகனோடு எனக்குக் கோபமில்லை. அவர் பிறக்கவே இல்லை. ஆனால் வேண்டாத ஆள் என்றால் என்னவென்று நான் சொல்லுகிறேன்.

பெரியண்ணா (லண்டன்): 88இல் ஒரு சுற்றிவளைப்பு. விடிய நாலு மணி. ஒலிபெருக்கியில் ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். நானும் அப்பாவும் போனோம். வெயில் ஏறும்வரை குந்தவைத்தார்கள். பிறகு வரிசை. வரிசை முடிவில் ஒரு ஜீப். உள்ளே ஆள்காட்டுகிற தலையாட்டி, தலை முழுக்கச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு துளை. ஒவ்வொருவரும் அவன் முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். அவன் தலையாட்டினால் நீ அந்தப் பக்கம், ஆட்டாவிட்டால் இந்தப் பக்கம்.

பெரியண்ணா (லண்டன்): என் முறை வந்தபோது அவன் தும்மினான். சாக்குத் தூசி. தும்மினால் தலை ஆடும்தானே. என்னை இழுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள். பொழுதுபடும்வரை முழங்காலில். முதுகில் துவக்குப் பிடி. "எல்டிடிஈ கிதர் ஹை?" (புலிகள் எங்கே?) எனக்குத் தெரிந்த இந்தி அதுதான், இன்றைக்கும். கடைசியில் ஒரு தமிழ் ஆமிக்காரன் வந்து அந்தத் தலையாட்டியிடம் திரும்பக் கேட்டான். "தும்மினேன் ஐயா" என்றானாம். விட்டுவிட்டார்கள்.

மருமகன் (திருச்சி): 😔

பெரியண்ணா (லண்டன்): சாக்குக்குக் கீழே கால் தெரிந்தது. சிலிப்பரின் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. அந்தக் கால் யாருடையது என்று எனக்குத் தெரியும். பெயரை இங்கே எழுத மாட்டேன். அவனுக்கும் யாரோ அடித்துத்தான் சாக்கைப் போட்டிருப்பார்கள்.

தம்பி (ஊர்): அண்ணா, இது நீங்கள் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

பெரியண்ணா (லண்டன்): நீ கேட்டதில்லை.

பெரியக்கா (கனடா): இவனை வெளிநாட்டுக்கு அனுப்பியது அதற்கல்ல. அது 89. மாகாண அரசு வந்து, இந்தியன் ஆமியோடு நின்ற இயக்கங்கள் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைத் தொடங்கி, ரியூசனுக்குப் போன பிள்ளைகளைப் பிடித்து மொட்டையடித்துப் பயிற்சிக்குக் கொண்டுபோன காலம். அம்மா பதக்கச் சங்கிலியை விற்றா. கொழும்புக்குப் பஸ் ஏற்றியபோது இவனுக்குப் பெண்பிள்ளை மாதிரிப் போர்வை போர்த்திவிட்டது யாருக்கும் தெரியாது.

பெரியண்ணா (லண்டன்): அக்கா!! இங்கே மருமகன் எல்லாரும் இருக்கிறார்கள்.

மகள் (கனடா): மாமா 😂😂

பெரியண்ணா (லண்டன்): சிரி. என்னோடு படித்த இரண்டு பேரைப் பிடித்தார்கள். ஆமி கப்பலேறிப் போன பிறகு அந்தப் பிள்ளைகளைப் பெடியள், புலிகள்தான், விட்டுவைப்பார்களா? ஒருவனின் தாய் இன்னும் தேடுகிறா.

(கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை.)

சித்தி (வெள்ளவத்தை): [குரல்பதிவு 1:52]

தம்பி (ஊர்): இதை நான் எழுதுகிறேன், மருமகனுக்குக் கஷ்டம். சித்தி சொல்லுகிறா:

தம்பி (ஊர்): "தகரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஏன் கோழிக்கு வைத்தது என்று தெரியும். அக்கா அதைக் கழுவவே விடமாட்டா. சேறும் எச்சமும் படிந்தபடி இருக்க வேண்டும். வீட்டுக்குள் மினுக்கமாய் இருந்தால், பெடியள் வந்தால் 'ஆமி உங்களுக்குச் சாமான் தருகிறானோ?' என்று கேட்பார்கள். ஆமிக்குத் தண்ணீர் கொடுத்தது என்று மின்கம்பத்தில் கட்டிச் சுட்ட காலம். ஆமி வந்தால் 'இது செத்த ஆளிடம் எடுத்ததோ?' என்பான். எறிந்தாலும் வேலிக்கு வெளியே கிடந்து யாராவது எடுத்து, இது இந்த வளவில் இருந்தது என்பார்கள். கிணற்றில் போட்டால் குடிக்கிற தண்ணீர். அதுதான், கோழித் தகரத்தை எந்தத் துவக்குக்காரனும் குனிந்து பார்க்க மாட்டான் என்று வைத்தா."

பெரியக்கா (கனடா): அம்மா எனக்கு ஒரு கதை, இவனுக்கு ஒரு கதை, உனக்குச் சங்கக்கடை.

பெரியண்ணா (லண்டன்): பிள்ளைகளைக் கேட்டால் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அதுதான் அம்மாவின் கணக்கு. பிடித்து விசாரித்தால் ஒருவருக்கும் உண்மை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை

மருமகன் (திருச்சி), காலை 9.40: என்னோடு வேலை செய்யும் வட இந்திய நண்பரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். முன்னால் உள்ள எழுத்துகள் தேய்ந்துவிட்டன. கடைசியில் "சிங்" என்று இருக்கிறதாம்.

பெரியக்கா (கனடா): அப்படியென்றால் அந்த மதுரைப் பெடியன் தந்தது இல்லையா?

மருமகன் (திருச்சி): படைக்குள் சாமான் கைமாறியிருக்கலாம், அத்தை. சிங் என்று பெயர் வைத்தவர்களை எண்ண முடியாது.

பெரியண்ணா (லண்டன்): பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஹெலியில் இறங்கிய சீக்கியர்கள் 30 பேரில் 29 பேர் செத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? நான் ஒன்றும் சொல்லவில்லை. தூரத்தை மட்டும் கேட்கிறேன்.

தம்பி (ஊர்): சயிக்கிளில் பத்து நிமிடம்.

பெரியக்கா (கனடா): எனக்கு அந்தப் பெடியனின் முகம் இப்போதும் தெரியும். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு தழும்பு. புட்டைச் சம்பலோடு பிசைந்து, உறைக்கிறது என்று ஊதி ஊதிச் சாப்பிட்டான். நான் பார்த்தேன்.

பெரியண்ணா (லண்டன்): நீங்கள் பார்த்தீர்கள், அக்கா. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் பார்த்ததையும் இல்லை என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்தபோது என் புத்தகத் தட்டை விறகாக எரித்திருந்தார்கள். கதவுப் பலகை, அப்பாவின் சாய்மனைக்கதிரை, எல்லாம். சாமிப்படங்களை மட்டும் தொடவில்லை. விளக்கு ஏற்றி எண்ணெய்கூட விட்டிருந்தான் எவனோ.

பெரியக்கா (கனடா): ஓம். அது எனக்கும் ஞாபகம்.

மருமகன் (திருச்சி): அந்தப் படத்தைப் பெரியப்பாவுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டார், இரண்டு நீலக் குறி வந்துவிட்டது. பதில் இல்லை. இரவு பெரியம்மா போன் செய்து, "அவருக்கு என்னடா அனுப்பினாய், சாப்பிடாமல் படுத்துவிட்டார்" என்றார்.

பெரியண்ணா (லண்டன்): இனி அவருக்கு அனுப்ப வேண்டாம், தம்பி. வயதான மனுசன்.

தம்பி (ஊர்): இப்போது இதை என்ன செய்வது என்று சொல்லுங்கள். புதுக் கூடு நாளைக்கு முடிந்துவிடும்.

பெரியண்ணா (லண்டன்): பழைய இரும்புக்காரனுக்குக் கொடு.

பெரியக்கா (கனடா): கொடுக்காதே. நான் வரும்போது எடுக்கிறேன்.

பெரியண்ணா (லண்டன்): கனடாவில் எங்கே வைப்பீர்கள்? ஷோகேசிலா?

பெரியக்கா (கனடா): அது என் பாடு.

திங்கட்கிழமை

தம்பி (ஊர்), மாலை 5.31: [படம்]

தம்பி (ஊர்): பிளாஸ்ரிக் சட்டி ஒன்று வாங்கி வைத்தேன். கோழிகள் ஏறி நின்று இரண்டு தரம் கவிழ்த்துவிட்டன. தகரம் தட்டை, கவிழவில்லை. அக்கா வரும்வரை இதிலேயே குடிக்கட்டும்.

பெரியண்ணா (லண்டன்): கழுவினாயா?

தம்பி (ஊர்): முதல்நாள் கழுவினேன். இப்போது திரும்பவும் சேறு.