அசல் சிடி கையில் இருக்கிறது, விளையாட்டு ஓட மறுக்கிறது: குற்றம் யாருடையது?

தேர்முட்டி:
2004-இல் பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கிய கார்ப் பந்தய விளையாட்டு. அசல் சிடி, ஒரு கீறல்கூட இல்லை. புது மடிக்கணினிக்காக வெளியே செருகும் சிடி டிரைவ் வாங்கி நிறுவினேன். நிறுவலும் ஒழுங்காக முடிந்தது. ஆனால் திறக்கச் சொன்னால் நீல வட்டம் ஒரு நொடி சுழல்கிறது, அவ்வளவுதான். பிழைச் செய்திகூட வருவதில்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி போல நடிக்க வைக்கும் பொருத்த முறையையும் வைத்துப் பார்த்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருள் இது. யாரைத் திட்டுவது?

வடம்பிடி:
சத்தமில்லாமல் சாகிறது என்றால் பெரும்பாலும் நகல் சிடியைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுதான் தம்பி. மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சரக்கு. சிடி அசல்தானா என்று சோதிக்க, செக்டிஆர்வி.சிஸ் என்ற டிரைவர் நிரலை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார வைக்கும். 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதற்கு இடம் தரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, விண்டோஸ் 7, 8-க்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு அனுப்பி மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியது. நேற்றுவரை ஓடியதை நிறுத்தியவர் யாரோ அவரைத் திட்டுங்கள். அந்த டிரைவர் கோப்பு இணையத்தில் கிடைக்கும். டிரைவர் நம்பகமானதா என்று விண்டோஸ் பார்க்கும் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு நிறுவினால் ஓடும்.

கல்தூண்:
அண்ணா, தம்பியைக் கிணற்றில் தள்ளாதீர்கள். முடக்கியது வீம்புக்காக அல்ல. 2007-இலேயே அந்த டிரைவரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது: சாதாரணப் பயனராக நுழைந்தவன் அதன் வழியாகக் கணினி முழுவதையும் கைப்பற்றலாம். டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில், கார் ஓட்டுவதற்காகக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதா? அதுவும் முகம் தெரியாத எவனோ ஏற்றி வைத்த கோப்பை நம்பி! பூட்டுப் போட்டு விற்றுவிட்டு, சாவியைக் கொடுக்காமல் போன விளையாட்டு நிறுவனத்தைத் திட்டுங்கள்.

வடம்பிடி:
சரி, டிரைவர் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பூட்டே இல்லாத விளையாட்டுகளுக்கு என்ன பதில்? விண்டோஸ் 7-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாடியவர்களுக்குத் தெரியும், புல்லும் தண்ணீரும் கன்னாபின்னாவென்று நிறம் மாறும். ஒரே நேரத்தில் 256 நிறங்கள் மட்டும் கொண்ட பட்டியலை நம்பி எழுதிய விளையாட்டு. விண்டோஸின் திரைமுகப்பை நடத்தும் எக்ஸ்ப்ளோரர் பின்னணியில் அந்தப் பட்டியலைக் குழப்பிவிடும். எக்ஸ்ப்ளோரரையே நிறுத்திவிட்டு விளையாடுவதுதான் அன்றைய மருந்து! இன்றைய 64 பிட் விண்டோஸ் மிகப் பழைய 16 பிட் நிரல்களைத் தொடாது. அதனால் விளையாட்டு 32 பிட்டாக இருந்தும், நிறுவும் நிரல் 16 பிட் என்பதால் வாசலிலேயே நின்றவை எத்தனை! சிம்சிட்டி என்ற ஒரு விளையாட்டு நினைவகத்தைத் தவறாகத் தொடுகிறது என்று அறிந்து, அதற்காகவே தனி ஏற்பாடு செய்தவர்கள் விண்டோஸ் 95 காரர்கள். அந்த மனம் எங்கே போயிற்று?

கல்தூண்:
அந்த மனம்தான் சோம்பேறிகளை வளர்த்தது. 2005-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ஸ்கிம்மர் என்ற நீர்விமானம் மட்டும் காணாமல் போனது. எல்லாரும் விண்டோஸைத் திட்டினார்கள். சைலண்ட் என்ற புனைபெயர்க்காரர் தோண்டிப் பார்த்தார். வண்டிகளின் விவரக் கோப்பில் ஸ்கிம்மரின் வரியில் சக்கர அளவே எழுதப்படவில்லை. நிரலோ மதிப்பு வந்ததா என்று சரிபார்க்கவில்லை. முந்தைய வண்டியின் அளவு நினைவகத்தில் அழியாமல் கிடந்ததால் அதையே எடுத்துக்கொண்டது. இருபது ஆண்டுகள் எச்சில் இலையில் சாப்பிட்டது என்று சொல்லலாம். 24எச்2-இல் விண்டோஸின் உள் வேலை ஒன்று சற்றுக் கூடுதல் இடம் எடுத்து அந்த மிச்சத்தை அழித்தது. அவ்வளவுதான். விமானத்தை வலிந்து வரவழைத்து ஏறினால், 1-க்குப் பின் 31 சுழியங்கள் போட்ட மீட்டர் உயரத்துக்கு ஆளைத் தூக்கி எறிகிறதாம்! இதில் விண்டோஸ் செய்த குற்றம் என்ன?

ஈயப்பெட்டி:
குற்றம் யாருடையதாகவும் இருக்கட்டும். என் வீட்டுப் பரணில் 2006 பெட்டி, எக்ஸ்பி, இணைய இணைப்பு இல்லை. எல்லாம் ஓடுகிறது. மின்தேக்கி இரண்டு உப்பியிருக்கிறது, அது வேறு கதை.

நிலாமுற்றம்:
ஆண்கள் மூவரும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், கேட்டவர் இன்னும் நீல வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேர்முட்டி, அந்த விளையாட்டுக்கு வந்த கடைசி அதிகாரப்பூர்வ பேட்ச் (திருத்தக் கோப்பு) எது என்று பாருங்கள். சில நிறுவனங்கள் கடைசிப் பேட்சில் தாமே சிடி சோதனையை எடுத்துவிட்டன. புதிதாக வாங்கும் வழி உங்களுக்குக் கடினம்: பந்தய விளையாட்டுகளில் கார்ப் பெயர்களுக்கும் பாடல்களுக்கும் உரிமம் தீர்ந்தால் கடையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பேட்சுக்குப் பிறகு திரை கறுத்தால், பழைய விளையாட்டின் வரைகலையைப் புதுக் கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும் டிஜிவூடூ2-இல் உள்ள டி3டி8.டிஎல்எல் கோப்பை விளையாட்டின் கோப்புறையிலேயே வையுங்கள். விண்டோஸின் சிஸ்டம் கோப்புறையில் வைக்காதீர்கள்.

வடம்பிடி:
பேட்ச் இல்லாத விளையாட்டுக்கு அக்கா?

நிலாமுற்றம்:
அங்கே உங்கள் கட்சிதான் நான். பூட்டுப் போட்டவர் திறந்துவிட்டிருக்க வேண்டும், அந்த டிரைவரை முடக்கியவர் மாற்று வழி சொல்லியிருக்க வேண்டும். இருவரும் செய்யவில்லை.

கல்தூண்:
முதல் பாதிக்கு மட்டும் கையெழுத்திடுகிறேன்.

தேர்முட்டி:
1.2 பேட்ச் சிடி கேட்கவில்லை! திரை கறுத்தது, டிஎல்எல் வைத்தேன், வந்துவிட்டது. அதே தொடக்க இசை. ஆனால் என் திரை 144 ஹெர்ட்ஸ், நொடிக்கு 144 முறை படம் மாற்றும். விளையாட்டும் அதோடு வேகம் பிடிக்கிறது போல. கார் முதல் வளைவிலேயே வேலியைத் தாண்டிப் பறக்கிறது. 60-இல் எப்படி நிறுத்துவது அக்கா?